ஐந்து பச்சை

எங்கள் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஒன்றே ஒன்றுதான். அதற்கு ஆசிரியை நான் ஒருத்திதான். இந்த இரண்டில் ஏதாவது ஒன்று வேறு மாதிரி இருந்திருந்தால், இந்நேரம் நான் ஆர்லன் டாஃப்டியின் மனைவியாகியிருப்பேன். ஹேட்டி எங்களோடு இருந்திருப்பாள்.

மினசோட்டாவின் வடகோடியில் ஆயிரம் பேர்கூடத் தேறாத ஊர் எங்களுடையது. ஆர்லன் கவுண்டி நிர்வாகத்துக்காகச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவன். போன வருடம் ஜனவரியில் என் வீட்டு வாசலில் குவிந்த பனியை, நான் கேட்காமலே, மூன்று முறை ஒதுக்கிவிட்டுப் போனான். நான்காம் முறை ஜன்னலைத் திறந்து, "காபி குடிச்சிட்டுப் போங்க" என்றேன். தொப்பியைக் கழற்றிக்கொண்டு சமையலறையில் வந்து நின்றவன், "நான் இன்னிக்கு என்ன நிறம், டீச்சர்?" என்று கேட்டான். என் வகுப்பு அட்டையைப் பற்றி ஊருக்கே தெரியும். "ஊதா" என்றேன். அதுதான் அட்டையில் உச்சி நிறம். அவன் காது வரை சிவந்துபோனான். அப்படித்தான் ஆரம்பித்தது.

அவன் மகள் ஹேட்டிக்கு அப்போது ஆறு வயது. அவளுக்கு இரண்டு வயதாகும்போதே அவள் அம்மா ஷெல்பி பிரிந்துபோய்விட்டாள். அரிசோனாவில் மறுமணம் செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவாள். ஹேட்டி என்னை முதல் நாளே ஏற்றுக்கொண்டாள். என் மடியில் ஏறி உட்கார்ந்து, "நீ எங்க அப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா உன் நாய் யாருக்கு?" என்று கேட்டாள். உனக்குத்தான் என்றேன். "அப்போ பண்ணிக்கோ" என்று உத்தரவு போட்டாள். அடுத்த வருடம் ஜூன் மாதத்தில் கல்யாணம் என்று முடிவானது.

ஆகஸ்டில் தலைமை ஆசிரியை மிஸஸ் புரூயிட் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உட்காருங்க, கிரெட்டா. ஹேட்டி இந்த வருஷம் ரெண்டாம் வகுப்பு. அடுத்த ஊர்ப் பள்ளிக்கு அனுப்பணும்னா பஸ்ஸுல போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம். ஆர்லன் சம்மதிப்பாரா?"

"மாட்டார்."

"எனக்கும் மனசு வரல. அப்போ உங்க வகுப்புதான். ஆனா இந்த ஊர் வாயைப் பத்தி உங்களுக்கே தெரியும். ஒண்ணு பண்ணுங்க. அவ விஷயத்துல எதையும் விடாம எழுதி வைங்க. நாளைக்கு எவளாவது வந்து, டீச்சர் தன் வீட்டுப் பொண்ணுக்குச் சலுகை காட்டுறாங்கன்னு சொன்னா, நான் அந்தக் கோப்பைத் தூக்கி மேஜை மேல போடணும்."

நியாயமாகத்தான் பட்டது. பதினான்கு வருடமாக நான் எழுதி வைக்காமல் எதையும் செய்ததில்லை. எழுதாதது நடக்கவே இல்லை என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். இரண்டாவது பாடம், கண்ணால் பார்த்ததை மட்டும் எழுது, ஏன் என்று ஊகித்து எழுதாதே என்பது. அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. மூன்று கட்டங்கள். முன்பு நடந்தது, மாணவி செய்தது, பின்பு நடந்தது. ஒவ்வொன்றிலும் இரண்டு வரி எழுதலாம்.

அட்டையையும் சொல்லிவிடுகிறேன். கரும்பலகைக்குப் பக்கத்தில் ஐந்து நிறங்களில் ஒரு நீளமான அட்டை தொங்கும். துணி காயப்போடும் மரக் கிளிப்புகளில் பிள்ளைகளின் பெயரை எழுதி அதில் மாட்டியிருப்பேன். காலையில் எல்லாரும் நடுவில், பச்சையில் இருப்பார்கள். நன்றாக நடந்துகொண்டால் நீலம், அதற்கும் மேல் ஊதா. ஒரு எச்சரிக்கைக்கு மஞ்சள். சிவப்பு என்றால் வீட்டுக்குப் போன் போகும். யாருடைய கிளிப் நகர வேண்டுமோ, அந்தப் பிள்ளையே எழுந்து போய் நகர்த்த வேண்டும். சாயங்காலம் அன்றைய நிறத்தைக் குறித்த தாள் வீட்டுக்குப் போகும், பெற்றோர் கையெழுத்தோடு மறுநாள் திரும்பி வரும். திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாளும் பச்சைக்குக் கீழே போகாதவர்கள் பரிசுப் பெட்டியில் கைவிட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அழிப்பான், பம்பரம், பிளாஸ்டிக் டைனோசர், இப்படி ஏதாவது கிடைக்கும். அந்த வருடம் ஒரே பாக்கெட்டில் ஊதாக் கல் வைத்த இரண்டு பிளாஸ்டிக் மோதிரங்களும் இருந்தன.

செப்டம்பரில் பள்ளி திறந்த முதல் நாளே தடுக்கி விழுந்தோம். நான் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஹேட்டி இருக்கையில் எம்பி, "கிரெட்டா! நான் உன் நாயை வரைஞ்சு கொண்டு வந்திருக்கேன்!" என்று கத்தினாள். வகுப்பே சிரித்தது.

"இங்க நான் மிஸ் ஹோல்ம், ஹேட்டி. பேசணும்னா கையைத் தூக்கணும். கிளிப்பை மஞ்சளுக்கு நகர்த்து."

அவள் சிரித்துக்கொண்டே போனாள், ஏதோ விளையாட்டு என்று நினைத்து. நகர்த்திவிட்டுத் திரும்பி என் முகத்தைப் பார்த்த பிறகுதான் சிரிப்பு போனது.

என் உதவியாளர் பெவ் அன்றைக்கே ஆரம்பித்தாள். முப்பது வருடம் பால் பண்ணை நடத்திவிட்டு, முட்டி தேய்ந்த பிறகு பள்ளிக்கு வந்தவள். "என்ன கண்ணு இது? பிராக் பய மேஜை மேல ஏறி நின்னு கரடி மாதிரி உறுமினான், அவனுக்கு ஒரு மஞ்சள். இவ நாய் படம் கொண்டு வந்தா, இவளுக்கும் ஒரு மஞ்சளா?"

"இவகிட்ட விட்டுக்கொடுத்தா ஊரு என்ன பேசும், பெவ்?"

"ஊரு எப்படியும் பேசும். என் கன்னுக்குட்டிங்களுக்கு நான் கிளிப் மாட்டினதே இல்ல. அதுங்க பாட்டுக்கு வரிசையா நிக்கும்."

ஊர் பேசத்தான் செய்தது. அம்மாதம் கடைசியில் ஹாக்கி அரங்கத்தில் காபிக்கு வரிசையில் நின்றபோது, பிராக்கின் அம்மா மிஸஸ் சுண்டே எனக்குக் கேட்கவேண்டும் என்றே பக்கத்துப் பெண்ணிடம் சொன்னாள்: "எங்க பிராக் தினமும் மஞ்சள். வருங்கால மகளுக்கு மட்டும் தினமும் ஊதாவாம். ஜூன்ல கேக் வெட்டும்போது நமக்கும் ஒரு துண்டு கிடைக்கும்."

உண்மை என்னவென்றால் ஹேட்டி அந்த மாதம் ஒருநாள்கூட ஊதாவைப் பார்க்கவில்லை. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பிள்ளையின் விவரத்தை வெளியில் சொல்லக் கூடாது என்பது விதி. வாயை மூடிக்கொண்டு வந்தேன். மறுநாளிலிருந்து ஹேட்டி விஷயத்தில் இன்னும் கறாரானேன். வேறு பிள்ளை பென்சிலைத் தட்டினால் பக்கத்தில் போய் நிற்பேன், அது தானாக நிறுத்திவிடும். ஹேட்டி தட்டினால் மஞ்சள். எழுதி வைத்தேன்.

வீட்டில் வேறு கதை. புதன்கிழமைகளில் ஆர்லன் வீட்டில் மூவரும் சாப்பிடுவோம். அங்கே நான் கிரெட்டா. அவள் என் முடியைப் பின்னிவிடுவாள். ஒருநாள் பின்னிக்கொண்டே கேட்டாள், "மிஸ் ஹோல்முக்கு என்னைப் பிடிக்கலையா?"

"நான்தானே மிஸ் ஹோல்ம், ஹேட்டி."

"இல்ல. நீ கிரெட்டா" என்றாள். ஆர்லன் பாத்திரம் கழுவுகிற இடத்திலிருந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

அக்டோபர் இரண்டாம் வாரம் காகிதம் வந்தது. ஹேட்டி பள்ளி வருடம் முழுவதும் தன்னோடு அரிசோனாவில் இருக்க வேண்டும் என்று ஷெல்பி நீதிமன்றத்தில் கேட்டிருந்தாள். பனி கொட்டும் நாட்களில் ஆர்லன் விடிவதற்கு முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும். குழந்தையைத் தூக்கத்தோடு போர்வையில் சுற்றிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவான். அதைத்தான் முதல் காரணமாகக் காட்டியிருந்தாள்.

ஆர்லன் அந்தக் காகிதத்தை மடித்து மடித்து, கடைசியில் தீப்பெட்டி அளவுக்குக் கொண்டுவந்துவிட்டான். "அவளை எடுத்துக்கிட்டுப் போயிடுவாங்களா, கிரெட்டா?"

"எதுக்கு எடுக்கணும்? குழந்தை சந்தோஷமா இருக்கா. யாரு பார்த்தாலும் தெரியும்."

"வக்கீல் சொல்றாரு, பள்ளிக்கூடத்துல கேட்பாங்களாம்."

"கேட்கட்டும். அங்க நான்தானே இருக்கேன்."

அப்படித்தான் சொன்னேன். அந்த வார்த்தையை அவன் பிறகு எனக்குத் திருப்பித் தந்தான்.

மறுநாள் மிஸஸ் புரூயிட்டிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இப்பதான் நீங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். திடீர்னு எழுதறதை நிறுத்தினா, வருங்காலக் கணவனுக்காக மறைச்சீங்கன்னு ஆயிடும். வேலையே போயிடும். முன்ன எப்படி எழுதினீங்களோ அப்படியே எழுதுங்க."

அப்படியே எழுதினேன். நவம்பரில் பனி ஆரம்பித்தது. 9.15 முதல் 9.50 வரை மேஜையில் தூங்கினாள். மதிய உணவைத் தொடவில்லை. வரிசையில் பிராக்கைத் தள்ளினாள். கணக்குத் தாளைக் கிழித்தாள். எல்லாம் நடந்தவைதான். தூங்கி விழுந்த அன்று, பக்கத்து வீட்டுக்காரரின் புதுப் பூனைக்குட்டிகளோடு அதிகாலையிலிருந்து விளையாடினேன் என்று என் காதில் சொன்னாள். பூனைக்குட்டிக்கு அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. படிவத்தின் நகல் அன்றைய நிறத் தாளோடு வீட்டுக்குப் போகும். ஆர்லன் ஒவ்வொன்றிலும் தன் பெயரின் முதலெழுத்துகளைப் போட்டுத் திருப்பி அனுப்பினான்.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஓர் அதிசயம் நடந்தது. திங்கள் பச்சை. செவ்வாய் பச்சை. புதன், வியாழன் பச்சை. ஹேட்டி கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, உதடு இரண்டையும் உள்ளே மடித்து வைத்திருந்தாள், சத்தம் தப்பித்தவறிக்கூட வெளியே வந்துவிடக் கூடாது என்று. பெவ் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மௌன வாசிப்பு நேரம். அறையின் பின்பக்கம் மிஸஸ் சுண்டே உட்கார்ந்து, கிறிஸ்துமஸ் அலங்காரத்துக்குக் காகிதப் பனித்துகள் வெட்டிக்கொண்டிருந்தாள். பெற்றோர் முறை வைத்து உதவிக்கு வருவது எங்கள் பள்ளி வழக்கம், அன்று அவள் முறை. ஹேட்டி கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு எழுந்து ஓடி வந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"இன்னும் ஒரு மணி நேரந்தான், கிரெட்டா!"

கத்தரிக்கோல் சத்தம் நின்றது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்காமலே, மிஸஸ் சுண்டே புருவத்தைத் தூக்கியிருப்பாள் என்று தெரிந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள் புத்தகத்துக்கு மேலே கண்ணை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் கைகளைப் பிரித்தேன். "மிஸ் ஹோல்ம். வாசிப்பு நேரத்துல இடத்தை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கிளிப்பை நகர்த்து."

"மிஸ் ஹோல்ம், மறந்துபோச்சு, மன்னிச்சிடுங்க. நான் போய் உட்கார்ந்துடறேன்."

"கிளிப், ஹேட்டி."

அவள் போனாள். பச்சையிலிருந்து எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்து, மஞ்சளில் மாட்டினாள். பின்பக்கம் கத்தரிக்கோல் சத்தம் மறுபடி கேட்டது.

2.50க்கு மணி அடித்தது. பிள்ளைகள் பனிக்கால்சட்டையும் பூட்ஸும் மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஹேட்டியைக் காணோம். வாசிப்பு மேஜைக்கு அடியில் இருந்தாள்.

"வெளிய வா, பஸ் போயிடும்."

"வர மாட்டேன்."

"ஹேட்டி."

"அதை மேல வைக்கிற வரைக்கும் நான் வீட்டுக்குப் போக மாட்டேன். அதை மேல வைங்க!"

பஸ் போய்விட்டது. ஆர்லனுக்குப் போன் போட்டேன். அவன் வந்து, ஈரப் பூட்ஸோடு தரையில் மண்டி போட்டு, "வாடி என் வாண்டு, அப்பா வண்டியில ஹாரன் அடிக்கலாம்" என்று கெஞ்சினான். அவள் அவன் மார்பில் குத்தினாள். கடைசியில் தூக்கிக்கொண்டு போனான். கதவருகில் திரும்பி, என்ன ஆச்சு என்பதுபோல் என்னைப் பார்த்தான். தோளைக் குலுக்கினேன்.

மேஜையில் உட்கார்ந்து படிவத்தை எடுத்தேன். முன்பு நடந்தது: வீட்டுக்குப் போகும் மணி அடித்தது. மாணவி செய்தது: மேஜைக்கு அடியில் புகுந்துகொண்டாள். இருபத்தைந்து நிமிடம் வீட்டுக்குப் போக மறுத்தாள். பின்பு நடந்தது: தந்தை வந்து தூக்கிச் சென்றார். அழுதாள். தந்தையைக் கையால் குத்தினாள்.

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது என்று எனக்குத் திருப்திகூட இருந்தது.

பெவ் நாற்காலிகளைத் தூக்கி மேஜைகள் மேல் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள்.

"அது எதுக்கு அஞ்சு பச்சை சேர்க்கப் பார்த்துச்சுன்னு தெரியுமா உனக்கு?"

"எதுக்கு?"

"பெட்டியில ரெண்டு மோதிரம் கிடக்கே. ஒண்ணு அவளுக்கு, ஒண்ணு உனக்கு. கல்யாணத்தன்னிக்கு ரெண்டு பேரும் ஒரே மாதிரி போட்டுக்கணுமாம். என்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டுதான் சொன்னா. இன்னும் ஒரு மணி நேரம்னு சந்தோஷம் தாங்காம ஓடி வந்துச்சு, பொண்ணே."

நான் எழுந்து பெட்டி வரைக்கும் போனேன். பாக்கெட்டைக் கையில் எடுத்தேன். அன்று சாயங்காலமே ஆர்லன் வீட்டுக்குப் போய்க் கொடுத்திருக்கலாம். திங்கட்கிழமை காலையில் யாரும் வருமுன் அவள் பையில் போட்டிருக்கலாம். பிறகு பிராக்குக்கு என்ன சொல்வேன் என்று யோசித்தேன். அடுத்த வாரம் அவளே ஜெயித்து வாங்கட்டும், அதில்தான் பெருமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பாக்கெட்டைத் திரும்பப் போட்டேன். அடுத்த வாரம் திங்கட்கிழமையே மஞ்சள். அதற்குப் பிறகு அவள் முயற்சி செய்யவே இல்லை.

ஜனவரியில், குழந்தையின் சார்பாக விசாரிக்க நீதிமன்றம் நியமித்த பெண் வந்தாள். ரெனே ஹாக்சி என்று பெயர். நல்லவள். அதுதான் கொடுமை. குட்டி நாற்காலியில் முட்டி இடிக்க உட்கார்ந்து, கோப்பைப் பிரித்தாள். ஷெல்பிக்குத் தாய் என்ற முறையில் பள்ளிப் பதிவுகளைக் கேட்கும் உரிமை இருந்தது. கேட்டு வாங்கி, நீதிமன்றத்தில் கொடுத்திருந்தாள். நாற்பத்தேழு படிவங்கள். எல்லாம் என் கையெழுத்து, வரி கோணாமல்.

"இதெல்லாம் நீங்க எழுதினதுதானே, மிஸ் ஹோல்ம்?"

"ஆமா."

"எதுலயாவது தப்பு இருக்கா?"

"தப்பு இல்ல. ஆனா..."

"சொல்லுங்க."

சொன்னேன். பூனைக்குட்டிகள், மோதிரம், மிஸஸ் சுண்டேயின் கத்தரிக்கோல், எல்லாவற்றையும் சொன்னேன். வேறு பிள்ளையாக இருந்தால் இதில் முப்பதை எழுதியிருக்கவே மாட்டேன் என்றேன். சொல்லச் சொல்ல என் குரலே எனக்குப் பொய்யாகக் கேட்டது. அவள் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அந்த டிசம்பர் வெள்ளிக்கிழமை. வீட்டுக்குப் போக மறுத்தாள்னு எழுதியிருக்கீங்க. கிளிப்புக்காகத்தான் மறுத்தாள்னா, அதை ஏன் எழுதல?"

"காரணம் எழுதக் கூடாதுன்னு எங்களுக்கு விதி. முன்னால நடந்ததை மட்டுந்தான் எழுதணும்."

"கிளிப்பை நகர்த்தினதும் முன்னால நடந்ததுதானே?"

நான் அந்தப் படிவத்தின் முதல் கட்டத்தை மறுபடி படித்தேன்.

அவள் கோப்பை மூடி, என் கையின் மேல் கை வைத்தாள். "நான் உங்களை நம்பறேனோ இல்லையோ, என் நிலைமையைப் பாருங்க. நீங்க ஆர்லனைக் கல்யாணம் பண்ணிக்கப் போறவங்க. இப்ப நீங்க பேசறது அவருக்குச் சாதகம். அன்னிக்கு எழுதினது அவருக்குப் பாதகம். பாதகமா இருந்தும் எழுதியிருக்கீங்க. நீதிபதி எதை எடுத்துக்குவாருன்னு நினைக்கிறீங்க?"

ஹேட்டியோடும் தனியாகப் பேசினாள். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்த ஹேட்டி என்னிடம், "நான் கையைத் தூக்கிட்டுத்தான் பேசினேன்" என்றாள்.

பிப்ரவரி முதல் வாரத்தில் தீர்ப்பு வந்தது. பள்ளி நாட்களில் தாயோடு, கோடை விடுமுறையில் தந்தையோடு. அந்த மாதக் கடைசிக்குள் அனுப்பிவிட வேண்டும். புதன்கிழமை. ஆர்லன் அடுப்பில் எதையும் வைத்திருக்கவில்லை. மேஜை முழுக்கத் தாள்களைப் பரப்பியிருந்தான். ஹேட்டி பக்கத்து வீட்டில் பூனைகளோடு இருந்தாள்.

"இதைக் கேளு." அவன் தீர்ப்பிலிருந்து விரல் வைத்துப் படித்தான். "குழந்தையின் துயரம் தந்தைக்கு நாள்தோறும் தெரிவிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் கையெழுத்திட்டிருக்கிறார். எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை." தலையைத் தூக்கினான். "நான் அதையெல்லாம் படிக்கவே இல்ல, கிரெட்டா. நீ எழுதினதுன்னு கையெழுத்துப் போட்டேன். நீ அவளைப் பார்த்துக்கிறேன்னு நினைச்சேன்."

"என்னை எழுதச் சொன்னாங்க, ஆர்லன். எழுதலைன்னா மறைச்சேன்னு..."

"பிராக் பயலுக்கு எத்தனை படிவம்?"

நான் ஒரு தாளின் ஓரத்தை நேராக்கினேன்.

"சொல்லு. அவன் மேஜை மேல ஏறி உறுமுறான்னு நீதானே சொல்லிச் சிரிப்பே. எத்தனை?"

"பதினொண்ணு."

"பதினொண்ணு" என்றான். சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. "அங்க நான்தானே இருக்கேன்னு சொன்னே. இருந்தே. நல்லாவே இருந்தே."

"நான் அவளுக்குச் சலுகை காட்டுறேன்னு யாரும் சொல்லிடக் கூடாதுன்னுதான்..."

"யாரும் சொல்லலையே! அது ஒண்ணுல ஜெயிச்சுட்டே." தாள்களைச் சேர்த்து அடுக்கத் தொடங்கினான். "நான் இன்னிக்கு என்ன நிறம், டீச்சர்?"

அழுதேன். அவன் பாத்திரம் துடைக்கிற துணியை எடுத்துத் தந்தான், பழக்கத்தில். பிறகு சொன்னான், மார்ச்சில் அவனும் அரிசோனா போகிறான் என்று. பனியே விழாத ஊரில் பனி தள்ளுகிறவனுக்கு என்ன வேலை என்று அவனுக்கே தெரியவில்லை. ஏதாவது லாரி ஓட்டுவானாம். சனி ஞாயிறாவது பார்க்க முடியும்.

"நான்?" என்றேன்.

"உன்னைக் கூப்பிடல. கூப்பிட்டா நீ வந்துடுவே. வந்து நல்லாத்தான் பார்த்துக்குவே. ஆனா அவ ஒரு டம்ளரைக் கீழ போட்டுட்டா, முதல்ல உன் மூஞ்சியைத்தான் பார்ப்பா. நான் அதைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்க முடியாது."

ஹேட்டியின் கடைசி வாரம் வந்தது. திங்கட்கிழமை விடுமுறை. செவ்வாயிலிருந்து வெள்ளி வரை அவள் வகுப்பில் இருக்கிற சுவடே தெரியவில்லை. கையைத் தூக்கினாள். வரிசையில் நின்றாள். பென்சில் தட்டவில்லை. நான்கு நாளும் பச்சை. வகுப்பில் எல்லாரும் அவளுக்கு வாழ்த்து அட்டை செய்தார்கள். பிராக் கரடி வரைந்தான்.

வெள்ளிக்கிழமை 2.40க்கு பரிசுப் பெட்டியை எடுத்து அவள் மேஜையில் வைத்தேன். மோதிரப் பாக்கெட் மேலேயே தெரியும்படி வைத்திருந்தேன்.

"எடுத்துக்கோ, ஹேட்டி. எது வேணும்னாலும்."

அவள் உள்ளே பார்த்தாள். மோதிரங்களையும் பார்த்தாள். கையை நீட்டவில்லை.

"நாலுதான் இருக்கு, மிஸ் ஹோல்ம்."

"பரவாயில்லை. இந்த வாரம் நாலே போதும்."

"நன்றி சொல்ற பண்டிகை வாரத்துல மூணு நாள்தான் பள்ளிக்கூடம். பிராக் மூணு நாளும் பச்சை. நீங்க அவனுக்குத் தரல."

பிராக் நிமிர்ந்து பார்த்தான். "ஆமா, தரல" என்றான். ஆனால் உடனே, "நீ எடுத்துக்கோ, எனக்கு ஒண்ணும் இல்ல" என்று சேர்த்துச் சொன்னான்.

ஹேட்டி தலையை ஆட்டினாள். கோபமாக இல்லை. எனக்கு ஒரு கணக்கை விளக்குவதுபோல் பொறுமையாகச் சொன்னாள்: "எல்லாருக்கும் ஒரே விதிதானே."

பெவ் சட்டென்று திரும்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டாள். நான் மண்டியிட்டு, ஹேட்டியின் முகத்துக்கு நேராக என் முகத்தைக் கொண்டுபோனேன். "நான் கிரெட்டா. இப்ப நான் கிரெட்டா. இது நான் தர்றது. எடுத்துக்கோடி கண்ணு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வகுப்பைச் சுற்றிப் பார்த்தாள்.

"இது பள்ளிக்கூடம், மிஸ் ஹோல்ம்" என்று மெதுவாகச் சொன்னாள், மற்றவர்கள் கேட்டு நான் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுபோல்.

மணி அடித்தது. பூட்ஸை மாட்டிக்கொண்டு வரிசையின் கடைசியில் போய் நின்றாள். வாசலில் ஆர்லன் வண்டி நின்றிருந்தது. அவன் இறங்கவில்லை.

எல்லாரும் போன பிறகு மேஜையில் உட்கார்ந்தேன். கை தானாகப் படிவத்தை எடுத்தது. முன்பு நடந்தது: வீட்டுக்குப் போகும் மணி அடித்தது. மாணவி செய்தது: வரிசையில் நின்றாள். திரும்பிப் பார்க்கவில்லை. பின்பு நடந்தது என்ற கட்டத்தில் எழுத எனக்கு எதுவும் இருக்கவில்லை. பெவ் வந்து, என் தோளுக்கு மேலாக அதைப் படித்துவிட்டு, நாற்காலிகளைத் தூக்கி வைக்கப் போனாள்.